வாக்குறுதி போதும், காணி உறுதி வேண்டும்



சில வாரங்களுக்கு முன் எமது சங்கக் காரியாலயத்துக்கு ஓர் அம்மா வந்திருந்தார். முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்து, பென்சன் வயதில் பெயர் வெட்டிக்கொண்டு வீட்டில் இருப்பவர். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் நான்காக மடித்த ஒரு கடதாசி. புது வீட்டின் "உறுதி" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். சாமிப் படத்துக்குப் பின்னால் பல வருடங்களாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். பேத்தியின் படிப்புக்குக் கடன் கேட்டு அதை வங்கிக்குக் கொண்டுபோன அன்றுதான், "இது உறுதி இல்லை, அம்மா" என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

நாமும் வாங்கி வாசித்துப் பார்த்தோம். "பயனாளி" என்று அவருடைய பெயர் இருந்தது. "உரிமையாளர்" என்ற சொல் எங்கும் இல்லை. நொத்தாரிசின் கையெழுத்தும் சாட்சிகளின் கையெழுத்தும் இல்லை. நில அளவைப் படத்தின் இலக்கமோ காணிப் பதிவகத்தின் முத்திரையோ இல்லை. மேடை போட்டு, மாலை போட்டு, படம் பிடித்துக் கொடுத்த கடதாசிக்குச் சட்டத்தின் முன் இருந்த பெறுமதி அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் பையில் இருப்பது போன்ற கடதாசி மலையகத்தில் எத்தனையோ பெட்டிகளில் இருக்கிறது. எனவே இம்மாதத் தலையங்கத்தை ஒரே கேள்விக்கு ஒதுக்குகிறோம். ஒரு காணி சட்டப்படி எப்படி ஒருவருடைய கையில் இருந்து இன்னொருவருடைய கைக்கு மாறுகிறது? எமது கைக்கு மட்டும் அது ஏன் மாறவே இல்லை?

இந்தக் கதை 1840ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அந்த ஒரே வருடத்தில் வெள்ளைக்கார அரசாங்கம் இரண்டு கட்டளைச் சட்டங்களைக் கொண்டுவந்தது. 7ஆம் இலக்கச் சட்டம் மோசடித் தடுப்புச் சட்டம். காணியை விற்பதானாலும் கொடுப்பதானாலும் அது எழுத்தில் இருக்க வேண்டும், நொத்தாரிசின் முன்பாகவும் இரண்டு சாட்சிகளின் முன்பாகவும் ஒப்பமிடப்பட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது என்று அது சொல்கிறது. இன்றைக்கும் நாட்டில் உறுதி எழுதுவது அந்தச் சட்டத்தின்படிதான்.

12ஆம் இலக்கச் சட்டம் முடிக்குரிய காணிகள் பற்றியது. காடு, தரிசு, பயிர் செய்யாத காணி எல்லாம், வேறு யாரும் தமது உரிமையை நிரூபிக்காத வரையில், முடிக்கே சொந்தம் என்று அது சொன்னது. மலைநாட்டுச் சிங்களக் கிராமத்தவர் தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்த நிலத்துக்கும் மாடு மேய்த்த நிலத்துக்கும் அவர்களிடம் கடதாசி இருக்கவில்லை. அந்த நிலங்கள் முடியின் கைக்குப் போய், அங்கிருந்து கோப்பித் தோட்டக்காரர்களுக்கு மலிவாக விற்கப்பட்டன. அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத்தான் எமது பாட்டன் பூட்டன்மார் கொண்டுவரப்பட்டார்கள்.

கடதாசி இல்லாததால் நிலத்தை இழந்தவர் கிராமத்து விவசாயி. கடதாசி இல்லாததால் நிலத்தைப் பெறாதவர் தோட்டத் தொழிலாளி. இந்த இரண்டு பேரையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்தி அரசியல் செய்தவர்களிடம் மட்டும் எப்போதும் கடதாசி இருந்தது. காணி உரிமை கேட்பது இன்னொரு சமூகத்தின் பங்கைக் கேட்பதாகும் என்று யாராவது சொன்னால், இந்த 1840ஆம் ஆண்டின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு காணி எத்தனை கை மாறியது என்று பாருங்கள். தனித் தோட்டக்காரர்களிடம் இருந்து பெரும்பாலும் கம்பனிகளுக்குப் போனது. 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம் 50 ஏக்கருக்கு மேற்பட்ட தனியார் காணிகளை எடுத்தது. 1975ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கம்பனித் தோட்டங்களையும் எடுத்தது. எல்லாம் காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவுக்குச் சென்று, அங்கிருந்து பெரும்பகுதி ஜனவசம என்னும் மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் வந்தது.

அது நாட்டில் நடந்த மிகப் பெரிய காணிக் கைமாற்றம். ஆனால் அந்த நிலத்தைக் கொத்திப் பண்படுத்தியவர்களுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எம்மவரில் பெரும்பாலானோர் நாடற்றவர்களாக்கப்பட்டிருந்த காலம் அது. நாடற்றவருக்குக் காணிப் பங்கீட்டில் யார் இடம் கொடுப்பார்? கொடுக்காதது மட்டுமல்ல, பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் துரத்தப்பட்டன. 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் தோட்டக் காணிகளைப் பிரித்தெடுப்பதை எதிர்த்துத் தொழிலாளர்கள் நின்றபோது, டெவன் தோட்டத்துத் தோழர் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார். காணி கைமாறும்போது நாம் வாய்மூடி இருக்கவில்லை என்பதற்கு அவரே சாட்சி.

1992ஆம் ஆண்டில் அடுத்த கைமாற்றம். தோட்டங்கள் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. காணி 1992 ஜூன் மாதம் முதல் 53 வருடக் குத்தகை. 1995க்குப் பின் அந்தக் கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. தொழிலாளருக்கும் 10 சதவீதப் பங்குகள் என்று கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் குடியிருந்த லயக் காம்பரா? அது நிலத்தோடு சேர்த்துக் குத்தகைக்குப் போனது. நாம் கும்பிட்ட கோயில், பிள்ளைக் காம்பரா, மயானம், வீட்டுக் கோடியில் போட்ட மரக்கறித் தோட்டம் எல்லாமே கணக்கில் கம்பனியின் குத்தகை நிலம்தான்.

இந்த இடத்தை ஒவ்வொரு தொழிலாளியும் விளங்கிக்கொள்ள வேண்டும். கம்பனி அந்தக் காணிக்குச் சொந்தக்காரர் அல்ல, குத்தகைக்காரர். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பது சட்டத்தின் பால பாடம். எனவே தோட்ட நிர்வாகம் தனது கடிதத் தலைப்பில் எத்தனை கடிதம் அடித்துக் கொடுத்தாலும் அது காணி உறுதி ஆகாது. துரை கையெழுத்துப் போட்டால் அது துரையின் கையெழுத்து, அவ்வளவே.

அப்படியானால் உறுதி எங்கிருந்து வர வேண்டும்? காணியின் உரித்து யாரிடம் இருக்கிறதோ அவரிடம் இருந்து. அது காணிச் சீர்திருத்த ஆணைக்குழுவாக இருக்கலாம், ஜனவசமவாக அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமாக இருக்கலாம். முதலில் அந்தத் துண்டு காணி குத்தகையில் இருந்து விடுவிக்கப்பட வேண்டும். பின்னர் நில அளவையாளர் வந்து கல் நாட்டி, ஒவ்வொரு குடும்பத்தின் துண்டுக்கும் இலக்கம் போட்டுப் படம் வரைய வேண்டும். அதற்குப் பிறகு உறுதியோ அளிப்போ எழுதப்பட்டு, காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். பதிவு என்பது வெறும் சடங்கல்ல. ஒரே காணிக்கு இரண்டு உறுதிகள் முளைத்தால், முதலில் பதிந்தவரின் பக்கமே சட்டம் பொதுவாகச் சாயும்.

"குத்தகை முடியும்வரை அரசாங்கத்தால் எதுவும் செய்ய முடியாது" என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. கம்பனிகளில் அரசாங்கத்துக்குத் திறைசேரிச் செயலாளரின் பெயரில் "பொற்பங்கு" ஒன்று இருக்கிறது. குத்தகைக் காணியை உபகுத்தகைக்குக் கொடுக்கவோ வேறு யாருக்கும் பாரப்படுத்தவோ கம்பனி அந்தப் பொற்பங்காளரின் எழுத்து மூலச் சம்மதத்தைப் பெற வேண்டும். ஆகவே காணியின் கடிவாளம் இன்றும் அரசாங்கத்தின் கையில்தான். அரசாங்கத்துக்கு மனம் இருந்தால் வழியும் இருக்கிறது.

இனி, கைக்குக் கிடைக்கும் கடதாசிகளை எப்படி அடையாளம் காண்பது?

முதலாவது, ஒதுக்கீட்டுக் கடிதம். "இந்த வீடு உமக்கு ஒதுக்கப்பட்டுள்ளது" என்று மட்டும் சொல்லும். அது ஒரு வாக்கு. அதை வைத்து விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. ஆனால் எறிந்துவிட வேண்டாம். நாளைக்கு உறுதி எழுதும்போது, அந்த வீட்டில் நீங்கள் இருந்தீர்கள் என்பதற்கு அது ஆதாரம்.

இரண்டாவது, அனுமதிப்பத்திரம். அரச காணியில் நிபந்தனையோடு இருக்க அனுமதி. நிபந்தனை மீறப்பட்டால் இரத்துச் செய்யலாம்.

மூன்றாவது, அளிப்பு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி வழங்கப்படுவது. சுவர்ணபூமி, ஜயபூமி என்று நாட்டின் மற்ற மாவட்டங்களில் விவசாயக் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டவை இந்த வகை. இதில் உரிமை உண்டு, ஆனால் கைமாற்றுவதற்கும் வாரிசுக்கும் கட்டுப்பாடுகள் உண்டு.

நான்காவது, சின்னக்கர உறுதி. நொத்தாரிசு முன்பாக எழுதிப் பதிந்த முழு உரிமை. 1998ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டம் அமுலுக்கு வந்த பிரதேசங்களில் இதற்குப் பதிலாக உரித்துச் சான்றிதழ் கிடைக்கும். எமது கோரிக்கை இந்த நான்காவது வகைதான். அதற்குக் குறைந்த எதையும் "உறுதி" என்று சொல்லி எம்மை ஏமாற்ற விடக்கூடாது.

தொண்ணூறுகளில் இருந்து சுயமாக வீடு கட்டக் கடன் எடுத்தவர்களின் கதை இன்னும் கசப்பானது. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டினார்கள். கல் சுமந்ததும் மண் வெட்டியதும் குடும்பத்தவரே. கடன் முடிந்து வருடங்கள் பல கடந்த பின்பும் அவர்களில் பலருக்கு உறுதி இல்லை. வாங்கிய பொருளுக்குப் பணம் கட்டி முடித்தவனுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்காத கடை உலகத்தில் உண்டா? தோட்டத்தில் உண்டு.

2015க்குப் பின் நிலைமையில் ஒரு மாற்றம் வந்ததை நாம் மறுக்கவில்லை. 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற கொள்கை வந்தது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், 2017இல் நோர்வூட் கூட்டத்தில் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவிக்கப்பட்டன. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. தோட்டத்துக்குள் பாதை போடப் பிரதேச சபைக்கு இருந்த தடை அதனால் நீங்கியது. அதே வருடத்தில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தால் அமைக்கப்பட்டது. இவை சும்மா கிடைத்தவை அல்ல, போராடிப் பெற்றவை. ஆனால் வீட்டுக்குக் கூரை போட்ட வேகத்தில் கடதாசி வேலை நடக்கவில்லை. கட்டடம் கண்ணுக்குத் தெரியும், தேர்தல் சுவரொட்டியில் போடலாம். நில அளவைப் படத்தை யார் சுவரொட்டியில் போடுவார்?

"இருக்க வீடு இருக்கிறதே, கடதாசி எதற்கு?" என்று கேட்பவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு 2014 ஒக்டோபர் 29ஆம் திகதியை நினைவூட்டுகிறோம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்னரே தெரிந்திருந்தது. ஆனால் எழுந்து போக அந்த மக்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கவில்லை. தப்பியவர்களும் மாற்று வீட்டுக்காக முகாமில் நீண்ட காலம் காத்திருந்தார்கள். காணி உள்ளவனுக்கு அனர்த்தம் வந்தால் அவன் நட்டஈடு கேட்கும் உரிமையாளன். காணி இல்லாதவன் நிவாரணத்துக்குக் கைநீட்டும் அகதி.

முகவரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். எமது கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, அங்கிருந்து யார் மூலமோ லயத்துக்கு வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து கைக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர்! சொந்தக் காணி, சொந்த வீட்டு இலக்கம், பாதைக்கு ஒரு பெயர், வாசலுக்கு வரும் தபால்காரர் என்பது நாட்டின் மற்ற எல்லாருக்கும் சாதாரண விடயம். தோட்டம் கிராமமாக மாறுவது அங்கிருந்துதான்.

வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் போட்டிருக்கும் முடிச்சும் உறுதியால்தான் அவிழும். "பிள்ளைகள் வேலைக்கு வராவிட்டால் காம்பராவை விடு" என்ற மிரட்டல் இன்றும் கேட்கிறது. இதற்கு ஒரு பாதுகாப்பு ஏற்கெனவே உண்டு. 1971ஆம் ஆண்டின் தோட்டக் குடியிருப்புச் சட்டத்தின்படி, நீதிமன்றத்தின் கட்டளை இல்லாமல் தொழிலாளியையும் குடும்பத்தையும் குடியிருப்பில் இருந்து வெளியேற்ற முடியாது. நிர்வாகத்தின் கடிதம் நீதிமன்றக் கட்டளை ஆகாது. யாராவது அப்படிக் கடிதம் கொடுத்தால், சாமான்களைக் கட்டாதீர்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு உடனே தோட்டத் தலைவரிடம் அல்லது சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. உறுதி வரும்போது யாருடைய பெயரில் வர வேண்டும்? "குடும்பத் தலைவர்" என்று எழுதிக் கணவனின் பெயரை மட்டும் போடுவது வழக்கமாகிவிட்டது. கொழுந்துக் கூடை யாருடைய முதுகில் இருந்தது? கடனை வெட்டியது யாருடைய சம்பளத்தில்? கணவனின் பெயரில் மட்டும் உறுதி இருந்தால், அவர் குடிக்கோ கடனுக்கோ காணியை விற்க முற்படும்போது மனைவியின் கையெழுத்துத் தேவைப்படாது. இருவர் பெயரும் இருந்தால் ஒருவர் மட்டும் முழுவதையும் விற்க முடியாது. அளிப்புக் காணிகளில் மகனுக்கு முதலிடம், மகளுக்குப் பின்னிடம் என்று இருந்த வாரிசு ஒழுங்கே 2022இல்தான் திருத்தப்பட்டது. எனவே படிவம் நிரப்பும் நாளிலேயே இருவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பின்னர் மாற்றுவது பெரும் சிரமம்.

கம்பனிகள் தரப்பு வாதத்தையும் பார்ப்போம். காணி கொடுத்தால் தேயிலை நிலம் குறைந்துவிடும் என்கிறார்கள். கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். ஓர் இலட்சம் குடும்பங்களுக்கு 7 பேர்ச்சஸ் வீதம் கொடுத்தால் 4,375 ஏக்கர். 10 பேர்ச்சஸ் வீதம் கொடுத்தால் 6,250 ஏக்கர். பாதைக்கும் பொதுத் தேவைக்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டின் தேயிலை நிலம் ஏறத்தாழ 5 இலட்சம் ஏக்கர். நூற்றுக்கு இரண்டு பங்குகூட வராது. காடேறிக் கிடக்கும் மலைகளை ஒருதரம் சுற்றிப் பார்த்தால், தேயிலை நிலம் யாரால் குறைந்தது என்று தெரியும்.

காணியைக் கொடுத்தால் அடுத்த நாளே வெளியாருக்கு விற்றுவிடுவார்கள் என்பது இன்னொரு வாதம். ஒரு சிலர் விற்கக்கூடும். கொழும்பிலும் கண்டியிலும் காணி விற்பவர்களைப் பார்த்து, அந்த ஊராருக்கே உறுதி கொடுக்கக்கூடாது என்று யாராவது சொல்கிறார்களா?

இன்னொரு கடதாசி பற்றியும் எச்சரிக்க வேண்டும். வருமானப் பங்கீடு, வெளியாள் உற்பத்தி முறை என்ற பெயர்களில் தேயிலை மலையைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தொழிலாளருக்குப் பராமரிக்கக் கொடுக்கிறார்கள். "மலை இனி உங்களுடையது" என்று பிரட்டுக்களத்தில் சொல்வார்கள். ஒப்பந்தத்தை வாசியுங்கள். காணியின் உரித்து மாறுகிறதா, இல்லை கஷ்டமும் நட்டமும் மட்டும் மாறுகிறதா? ஊழியர் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் தொடருமா? இதற்கு எழுத்தில் பதில் இல்லாத எந்தக் கடதாசியிலும் சங்கத்துக்குக் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

தொழிற்சங்கங்களும் இந்த விடயத்தில் சுத்தமான கையோடு நிற்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்வோம். சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கொடுத்த பலத்தைக் காணிக்குக் கொடுக்கவில்லை. கடதாசி கொடுத்த மேடைகளில் எமது தலைவர்களும் இருந்தார்கள், கைதட்டினார்கள். அந்தக் கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கே வாசித்திருந்தால், அந்த அம்மா வங்கியில் தலைகுனிந்து நின்றிருக்க மாட்டார்.

ஆகவே எமது கோரிக்கைகளைச் சுருக்கமாக முன்வைக்கிறோம். ஏற்கெனவே கட்டி முடித்த வீடுகள் அனைத்துக்கும் நில அளவை செய்து பதிவு செய்த முழு உறுதி வழங்க வேண்டும். கடன் கட்டி முடித்த குடும்பங்களுக்கு முன்னுரிமை வேண்டும். உறுதி இருவர் பெயரிலும், வாசிக்கத் தெரிந்த மொழியிலும் இருக்க வேண்டும். ஓய்வுபெற்றவர்களையும், தோட்டத்தில் குடியிருந்து வெளியே வேலை செய்பவர்களையும் பட்டியலில் இருந்து வெட்டக்கூடாது. அளவைக் கட்டணமும் நொத்தாரிசுச் செலவும் தொழிலாளியின் தலையில் விழக்கூடாது.

தோட்டக் கமிட்டிகள் இம்மாதமே ஒரு வேலை செய்ய வேண்டும். ஒவ்வொரு டிவிஷனிலும் வீடு வீடாகப் போய், எந்தக் குடும்பத்திடம் என்ன கடதாசி இருக்கிறது என்று கொப்பி ஒன்றில் எழுதுங்கள். யார் கொடுத்தது, எந்தத் திகதி, யாருடைய பெயர், பட இலக்கம் உண்டா, பதிவு முத்திரை உண்டா என்பது போதும். போட்டோப் பிரதி எடுத்துக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். மூலப் பிரதியை யாரிடமும், எமது சங்கத்திடம்கூட, கொடுக்க வேண்டாம்.

1992இல் தொடங்கிய குத்தகை 2045இல் முடிகிறது. இன்று பிள்ளைக் காம்பராவில் தூங்கும் குழந்தை அப்போது வாலிப வயதில் நிற்கும். அன்றைக்குக் காணி மீண்டும் ஒருமுறை கைமாறும். அந்த மேசையில் எமது பிள்ளைகள் உரிமையாளர்களாக அமர்வார்களா, அல்லது மரங்களோடும் கட்டடங்களோடும் சேர்த்து எண்ணப்படுவார்களா என்பதை, நாம் இப்போது கையில் வாங்கும் கடதாசியே தீர்மானிக்கும்.

அந்த அம்மாவின் கடதாசியின் பிரதியை எமது கோப்பில் முதலாவதாக வைத்திருக்கிறோம். அடுத்தது உங்களுடையதாக இருக்கட்டும்.